முள்ளந்தண்டு பாதிப்பும் சலம் எடுக்கும் ரியூப்பும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெல் காயத்தால், பனையாலோ தென்னையாலோ விழுந்ததால், வீதி விபத்தால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு வீடு திரும்பியவர்களும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள் இவை. 2009இல் காயப்பட்டவர்கள் பலர் பதினைந்து வருடங்களுக்கு மேலாக ரியூப்போடு வாழ்கிறார்கள். புதிதாகக் காயப்பட்டவருக்கும் அவர்களுக்கும் பிரச்சினைகள் வேறு வேறு. இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

காயத்துக்கு முதல் தன்பாட்டில் போன சலம் இப்ப ஏன் போகுதில்லை?

சலப்பை நிறைந்ததை மூளைக்குச் சொல்வதும், "இப்ப விடு" என்று மூளை திருப்பிச் சொல்வதும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடத்தின் வழியாகத்தான். வடம் அறுந்தால் இந்தப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். காயப்பட்ட முதல் சில கிழமைகளில், சிலருக்குச் சில மாதங்கள் வரை, சலப்பை முழுதாகச் சோர்ந்து கிடக்கும். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும்.

காயம் கழுத்திலோ நெஞ்சு மட்டத்திலோ என்றால் சலப்பை தன்னிச்சையாகச் சுருங்கத் தொடங்கும். அதே நேரத்தில் வாசல் தசையும் இறுகும். சலப்பை தள்ளுகிறது, வாசல் மூடிக்கிடக்கிறது. உள்ளே அமுக்கம் ஏறி, சலம் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்புகிறது. சிறுநீரகம் நோகாமல், சத்தமில்லாமல் பழுதாவது இப்படித்தான். காயம் இடுப்புக்குக் கீழே, முள்ளந்தண்டின் அடிநுனியில் என்றால் சலப்பை சோர்ந்தே இருக்கும். நிறைந்து வழியுமே தவிரச் சுருங்காது.

எனவே "சலம் போகுதா இல்லையா" என்பது பாதிக் கேள்விதான். எந்த அமுக்கத்தில் போகுது, போன பிறகு உள்ளே எவ்வளவு மிஞ்சுது என்பதே மீதிப் பாதி.

வாட்டில் போட்டுவிட்ட ரியூப்போடேயே இருந்தால் என்ன?

முதல் நாட்களில் அது சரியான ரியூப்தான். உடம்புக்கு எவ்வளவு சேலைன் ஏறுது, எவ்வளவு சலம் வருது என்று அளக்க வேண்டிய காலம் அது. பிழை எங்கே நடக்கிறதென்றால், ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் மாற்றிச் சொல்லாததால் அந்த ரியூப்பே வாழ்நாள் ரியூப்பாகி விடுகிறது. ஆண்குறி வழியாக வருடக்கணக்கில் நிற்கும் ரியூப் கீழ்ப்பக்கத் தோலை மெல்ல மெல்ல அரித்துப் பிளக்கும். உணர்ச்சி இல்லாததால் ஆளுக்குத் தெரியாது. கழுவிவிடும் மனைவியோ தாயோதான் முதலில் காண்பார். பெண்களுக்குச் சலவாசல் தளர்ந்து, எந்த ரியூப் போட்டாலும் ஒழுகும் நிலை வரும். சலப்பைக் கல்லும் கிருமித்தொற்றும் கூடும்.

வீட்டுக்குப் போக முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள்: "இந்த ரியூப் எவ்வளவு காலத்துக்கு? இதுக்குப் பிறகு என்ன?" ஏற்கெனவே வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தாலும் கேட்கலாம். காலம் கடந்துவிட்டதென்று ஒன்றில்லை.

அப்ப எனக்கு எந்த முறை சரி?

கை வேலை செய்யுமானால், ஒருநாளைக்கு 4 முதல் 6 தரம் மெல்லிய ரியூப் ஒன்றை உள்ளே விட்டுச் சலத்தை எடுத்துவிட்டு ரியூப்பை வெளியே எடுத்துவிடும் முறைதான் முதல் தெரிவு. இதை இடைவிட்டு எடுத்தல் என்போம். சலப்பை நிறைந்து வெறுமையாகும் இயல்பு ஓரளவு காக்கப்படும். உள்ளே எதுவும் தங்காததால் கல்லும் தொற்றும் குறைவு.

கழுத்துக் காயத்தால் விரல்கள் பிடிக்காதவருக்கு இதை வேறொருவர்தான் செய்ய வேண்டும். காலையில் தோட்டத்துக்கோ வேலைக்கோ போய் மாலையில் வரும் ஒருவரை மட்டும் நம்பி இந்த முறையைத் தொடங்காதீர்கள். நடுப்பகலில் எடுக்க ஆளில்லாவிட்டால் சலப்பை அளவுக்கு மீறி நிறையும். அது நிரந்தர ரியூப்பை விட மோசம். அப்படிப்பட்டவருக்கு அடிவயிற்றில் துளையிட்டுப் போடும் ரியூப்தான் எங்கள் தெரிவு. அதுவும் முடியாதபோது சலவாசல் வழியான நிரந்தர ரியூப், நல்ல பராமரிப்போடு.

இடைவிட்டு எடுப்பதைப் படிப்படியாகச் சொல்லுங்கோ.

முதல் தரங்களில் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்து பழகுங்கள். பிறகு இந்த ஒழுங்கில்:

1. சவர்க்காரம் போட்டுக் கையை விரலிடுக்கு வரை கழுவுங்கள். சக்கர நாற்காலியின் சில்லை உருட்டி வந்த கையால் நேரே தொடக்கூடாது.
2. சலவாசலைத் தண்ணீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். ஆண்கள் முன்தோலைப் பின்னே இழுத்துக் கழுவ வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாக.
3. ரியூப்பின் நுனியிலிருந்து ஆண்களுக்கு 15 செ.மீ. அளவுக்கு, பெண்களுக்கு 5 செ.மீ. அளவுக்கு நீரில் கரையும் ஜெல் பூசுங்கள். தேங்காயெண்ணெய், வசிலின் வேண்டாம்; அவை சலப்பைக்குள் கரையாமல் தங்கும்.
4. ஆண்குறியை வயிற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்து மெதுவாக விடுங்கள். 15 முதல் 20 செ.மீ. போனதும் வாசல் தசையில் தட்டுப்படும். இடித்துத் தள்ளாதீர்கள். அப்படியே மெல்லிய அழுத்தத்தோடு நிறுத்தி, நீண்ட மூச்சு விடுங்கள். தசை இளகி வழிவிடும்.
5. சலம் வந்ததும் இன்னும் 2, 3 செ.மீ. உள்ளே தள்ளி, ஓட்டம் முற்றாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுங்கள். இழுக்கும்போது மறுபடி சலம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடியில் தேங்கி நிற்கும் சலத்தில்தான் கிருமி பெருகும்.
6. முன்தோலைத் திரும்ப முன்னே விடுங்கள். மறந்தால் அது இறுகி வீங்கி, இரத்தோட்டம் தடைப்படும். உணர்ச்சி இல்லாதவருக்கு நோ காட்டிக் கொடுக்காது.
7. எடுத்த அளவை எழுதுங்கள்.

கையுறை, கிருமி நீக்கிய தட்டு எல்லாம் வீட்டில் வேணுமா?

வேண்டாம். வைத்தியசாலையில் பல நோயாளிகளின் கிருமி ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போகும் என்பதால் அங்கே கையுறை. வீட்டில் உங்கள் கிருமி உங்களோடு பழகியது. கிருமி முற்றாக நீக்காமல், சுத்தமான கையாலேயே இதைச் செய்யலாம் என்று 1972இல் ஜாக் லாப்பிடெஸ் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதினார்கள். அன்றிலிருந்துதான் இது வீட்டு முறையானது. கிருமி தொட்டதை விட, சலப்பை அளவுக்கு மீறி விரிந்து கிடப்பதே தொற்றுக்குப் பெரிய காரணம் என்பது அவர்களுடைய வாதம். நேரம் தவறாமை கையுறையை விடப் பெரிது. வேறொருவருக்கு எடுத்துவிடும் ஆள் மட்டும் கையுறை போடுவது நல்லது.

ஒருதரம் பாவித்த ரியூப்பைத் திரும்பப் பாவிக்கலாமோ?

நெலட்டன் என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் ரியூப்பின் பொதியில் "ஒருமுறை மட்டும்" என்றுதான் இருக்கும். கிடைக்குமானால் அப்படியே செய்யுங்கள். ஒருநாளைக்கு ஐந்து, மாதத்துக்கு நூற்றைம்பது வாங்க முடியாத வீடுகள் நிறைய இருப்பதும் எங்களுக்குத் தெரியும். ரியூப் இல்லையென்று சலத்தை எடுக்காமல் விடுவது, கழுவிப் பாவிப்பதை விட மோசம்.

கழுவுவதானால், எடுத்த உடனேயே, சலம் உள்ளே காய முன் கழுவ வேண்டும். ஓடும் தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, சவர்க்காரத் தண்ணீரைச் சிரிஞ்சால் உள்ளே அடித்து, கொதித்து ஆறிய நீரால் அலசி, உதறி, சுத்தமான துணியில் நிழலில் முழுதாக உலர விடுங்கள். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் கிருமிப் பண்ணைதான். சிவப்பு இறப்பர் ரியூப்பையும் சிலிக்கன் ரியூப்பையும் அவிக்கலாம். நெலட்டனை அவித்தால் வளைந்து நெளிந்துவிடும். விறைத்தது, வெடித்தது, நிறம் மங்கியது, துளை ஓரம் கரடானது எல்லாவற்றையும் எறியுங்கள். ஒருவரின் ரியூப்பை இன்னொருவர் தொடவே கூடாது. தொற்று வந்த நாட்களில் புதிதுதான்.

ஒருநாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்க? எத்தனை தரம் எடுக்க?

ஒருதரம் எடுக்கும் அளவு 500 மி.லீ.ஐத் தாண்டக்கூடாது, 300 முதல் 400 நல்லது. 600, 700 என்று வந்தால் தண்ணீரைக் குறைக்காமல், இன்னொரு தரம் கூட எடுங்கள். இடைவிட்டு எடுப்பவருக்கு ஒருநாளைக்கு ஏறக்குறைய 2 லீற்றர், நாள் முழுக்கப் பரவலாக. ரியூப் நிரந்தரமாக நிற்பவருக்கு 2 முதல் 3 லீற்றர். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இதற்கு மேலும் தேவைப்படும். வைத்தியர் சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ தண்ணீரை மட்டுப்படுத்தியிருந்தால் அவர் சொன்ன அளவுதான்.

பகல் முழுக்கச் சக்கர நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு இருப்பவருக்குக் காலில் நீர் இறங்கும். இரவில் படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாகும். இரவு 9 மணிக்கு எடுத்தும் விடியற்புறம் 800 மி.லீ. வருவது இதனால்தான். பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்திப் படுத்துவிட்டு, படுக்கைக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள்.

ரியூப் பொதியில் இருக்கும் இலக்கங்கள் என்ன சொல்லுது?

14, 16 என்று பெரிதாக இருப்பது வெளிவிட்டம். மூன்றால் பிரித்தால் மில்லிமீற்றர்: 12 என்றால் 4 மி.மீ. பின்முனையின் நிறமும் அதையே சொல்லும். 12 வெள்ளை, 14 பச்சை, 16 செம்மஞ்சள், 18 சிவப்பு. இடைவிட்டு எடுக்க வளர்ந்தவருக்கு 12 அல்லது 14 போதும். நிரந்தரமாக நிற்பதற்கு 14 அல்லது 16. அடிவயிற்றுத் துளைக்குப் பெரும்பாலும் 16 அல்லது 18. தேவைக்கு மேல் பருமன் போட வேண்டாம்.

நீளத்தையும் பாருங்கள். ஆண்களுக்கு 40 செ.மீ. வேண்டும். பெண்களுக்கான குட்டை ரியூப்பை ஆணுக்குப் போட்டு, ரியூப் கழன்று வராமல் சலப்பைக்குள் பிடித்து நிறுத்தும் பலூனை ஊதினால் அது சலவழிக்குள்ளேயே விரிந்து கிழிக்கும்.

பலூன் அளவு 10 மி.லீ. எனப் பொதியில் இருந்தால் 10 மி.லீ.தான். 30 மி.லீ. பலூன் புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்கானது. பெரிய பலூன் சலப்பையின் அடியை உறுத்தி, இழுப்பையும் (சலப்பை தன்னிச்சையாகச் சுருங்குவதையும்) ஒழுக்கையும் கூட்டும்.

கடைசியாகப் பொருள். இறப்பர் பால் நிறத்தில் இருப்பது லேற்றெக்ஸ். மேலே பூச்சு இருந்தாலும் 4 கிழமைக்குள் மாற்ற வேண்டும். ஒளிபுகும் முழுச் சிலிக்கன் 12 கிழமை வரை நிற்கும். விலை கூடினாலும் மாற்றும் தடவைகள் குறைவு, உள்துளை அகலம், அடைப்பும் மெதுவாகத்தான் வரும். மல்லாவியிலோ முழங்காவிலிலோ இருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டோ பிடிப்பவர் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சிலிக்கன்தான் மலிவாக வரும்.

நிரந்தர ரியூப்பை மாற்றும்போது எதைக் கவனிக்க?

பலூனை ஊத முன் சலம் வருவதைக் கண்ணால் காண வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆண்களுக்கு ரியூப்பை அது இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுதாக உள்ளே விட்டு, சலம் கண்டபின்தான் ஊத வேண்டும். உணர்ச்சி உள்ளவர் பலூன் தவறான இடத்தில் விரிந்தால் கத்துவார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் பேசாமல் படுத்திருப்பார், இரத்தம் வந்த பிறகுதான் தெரியும். சலம் வராவிட்டால் ஊதாமல் காத்திருங்கள்.

பலூனுக்குக் கிருமி நீக்கிய வெறும் தண்ணீர். சேலைன் போட்டால் உப்புப் படிந்து வால்வு அடைபடும். காற்றுப் போட்டால் பலூன் மிதக்கும். உணர்ச்சி இல்லையென்று மரப்பு ஜெல்லைத் தவிர்க்க வேண்டாம். ஜெல் விட்டு 3 முதல் 5 நிமிடம் பொறுத்தால் இழுப்பும் பிரஷர் ஏற்றமும் குறையும்.

மாற்றியபின் ரியூப்பைத் தொடையிலோ, ஆண்களுக்கு அடிவயிற்றிலோ பிளாஸ்ரரால் தளர்வாக ஒட்டுங்கள். மாற்றிய திகதியையும் அடுத்த திகதியையும் சுவர்க் கலண்டரில் குறியுங்கள்.

அடிவயிற்றால் போடும் ரியூப்பென்றால் பயமாக இருக்கு.

இடுப்பெலும்புக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் சிறிய துளை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற, சிறுநீர்த்தொகுதி சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள இடத்தில் செய்வார்கள். முதல் மாற்றம் 4 முதல் 6 கிழமையில், வைத்தியசாலையில். துளை பதிந்த பிறகு பயிற்சி பெற்ற தாதி மாற்றலாம்.

நன்மை நிறைய. சலவழி அரிக்காது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தானே பார்த்துக் கழுவலாம். தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. வேண்டாமென்றால் எடுத்துவிட, துளை தானாக மூடும். கல் வராது என்று மட்டும் எண்ண வேண்டாம். அதுவும் உள்ளே நிற்கும் ரியூப்தான். சிலருக்குச் சலவாசலாலும் ஒழுகும்.

தவறி வெளியே வந்துவிட்டால் அவசரம். துளை சில மணித்தியாலங்களில், புதிய துளையென்றால் அதற்கும் முன்னரே, சுருங்கிவிடும். வீட்டில் எப்போதும் அதே அளவுப் புதிய ரியூப் ஒன்று இருக்க வேண்டும். மாற்றப் பழகியவர் இருந்தால் உடனே போடட்டும். இல்லாவிட்டால் ரியூப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

பக்கத்தால் ஒழுகுது. இன்னும் பெரிய ரியூப் போடலாமோ?

போட வேண்டாம். ஒழுகுவது துளை பெரிது என்பதால் அல்ல. உள்ளே அமுக்கம் கூடியதால். முதலில் ரியூப் மடிந்திருக்கிறதா, ஆள் அதன்மேல் இருக்கிறாரா, பை நிறைந்து கிடக்கிறதா பாருங்கள். அடுத்து மலச்சிக்கல்: இறுகிய மலம் ரியூப்பை நசுக்கும், பலருக்குக் காரணம் இதுதான். அதன்பின் அடைப்பு, தொற்று, கல், சலப்பை இழுப்பு. இழுப்பென்றால் மருந்து உண்டு. பெரிய ரியூப் வாசலை இன்னும் தளர்த்தும். ஆறு மாதத்தில் அதைவிடப் பெரியது தேவைப்படும்.

இரண்டு கிழமைக்கு ஒருக்கா அடைக்குது. கிணத்துத் தண்ணிதான் காரணமோ?

வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. ஆனால் ரியூப்பை அடைக்கும் வெள்ளைத் துகள் பெரும்பாலும் கிருமியின் வேலை. புரோட்டியஸ் என்ற கிருமி சலத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சலம் காரமாகும், கல்சியமும் மக்னீசியமும் பொசுபேற்றுப் படிகமாக, கேத்திலின் அடியில் பிடிக்கும் சுண்ணாம்பு போல, ரியூப்பின் உள்ளும் பலூனின் மேலும் ஒட்டும்.

கழற்றிய ரியூப்பின் நுனியை விரலால் உருட்டிப் பாருங்கள். மணல் போல நெருடினால் படிகம், வழுவழுப்பென்றால் சளி. படிகமென்றால் மூன்று வேலை. சலப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கான் எடுக்கக் கேளுங்கள். கல் இருக்கும்வரை அந்தக் கிருமி போகாது. இதுவரை எத்தனையாவது நாளில் அடைத்தது என்று மூன்று மாற்றங்களுக்கு எழுதி, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே மாற்றுங்கள். தண்ணீரைக் கூட்டி, அதில் தேசிக்காய் பிழிந்து நாள் முழுக்கக் குடியுங்கள். தேசிக்காயிலுள்ள சிற்றேற்று சலத்தில் கூடினால் படிகம் படிவது தாமதமாகும். சீனி அள்ளிப் போட வேண்டாம்.

நாளாந்தம் சிரிஞ்சால் அடித்துக் கழுவுவது தொற்றைத் தடுக்காது. ரியூப்பும் பையும் சேர்ந்த மூடிய தொகுதியை ஒவ்வொரு நாளும் திறப்பதுதான் மிச்சம்.

திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி இடி, முகம் சிவந்து வியர்க்குது. இது என்ன?

நெஞ்சுக்குழி மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள், அதாவது நெஞ்சுப் பகுதியின் 6ஆம் முள்ளென்பும் அதற்கு மேலும், இந்தப் பகுதியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சலப்பை நிறைந்து நிற்கிறது, மூளைக்குச் செய்தி போகவில்லை. உடம்பு குழம்பி இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. பிரஷர் தாறுமாறாக ஏறும். மூளையில் இரத்தம் கசியலாம், வலிப்பு வரலாம். இப்படிக் காயப்பட்டவரின் வழமையான மேல் அளவு 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 140 என்பது மற்றவருக்குப் பெரிதில்லை, இவருக்கு ஆபத்து. புதிய வைத்தியர் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்; சொல்லுங்கள்.

உடனே எழுப்பி நிமிர்த்தி இருத்துங்கள், காலைத் தொங்கவிடுங்கள். படுக்க வைக்கக்கூடாது. இடுப்புப் பட்டி, காலில் கட்டிய சலம் சேரும் பையின் வார், சப்பாத்து எல்லாம் தளர்த்துங்கள். பையிலிருந்து மேல்நோக்கி ரியூப்பைத் தடவி வாருங்கள்: மடிப்பா, பை நிறைவா, அடைப்பா? அடைப்பென்றால் புதியது போடுங்கள். உள்ளே நிறையத் தண்ணீர் அடித்துத் திறக்கப் பார்த்தால் சலப்பை இன்னும் விரிந்து பிரஷர் மேலும் ஏறும். இடைவிட்டு எடுப்பவர் என்றால் உடனே எடுங்கள். சலம் வந்ததும் பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கும். இறங்காவிட்டால் மலம் இறுகியிருக்கலாம், படுக்கைப்புண், உள்வளர்ந்த நகம் கூடக் காரணமாகலாம். அதைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காமல், ஆளை இருந்த நிலையிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வைத்தியர் முன்கூட்டித் தந்த அவசரக் குளிசை இருந்தால் அவர் சொன்னபடி கொடுங்கள். ஆண்மைக் குளிசை எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; பிரஷரை இறக்கக் கொடுக்கும் நைத்திரேற்று மருந்தோடு சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும்.

சலம் கலங்கி மணக்குது. அன்ரிபயோற்றிக் தொடங்கவோ?

கலங்கலும் மணமும் மட்டும் என்றால் வேண்டாம். ரியூப் ஒரு மாதம் நின்றால் எல்லாருடைய சலத்திலும் கிருமி இருக்கும். பரிசோதித்தால் கட்டாயம் வளரும். அதற்கெல்லாம் மருந்து குடித்தால், உண்மையில் காய்ச்சல் வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது. தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள்.

காய்ச்சல், நடுக்கம், வழமைக்கு மீறிய கால் இழுப்பு, புதிதாக ஒழுக்கு, விலாப்பக்க நோ, மேலே சொன்ன தலையிடி, காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் ஏதும் சேர்ந்தால் அது நோய். வைத்தியரிடம் போங்கள். பழைய ரியூப்பைக் கழற்றிப் புதியது போட்டு, அதிலிருந்து வரும் சலத்தைத்தான் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும். பையில் கிடந்த சலம் எதையும் சொல்லாது.

பை ஊதா நிறமாகிவிட்டது!

சலத்திலுள்ள ஒரு பொருளைக் கிருமிகள் மாற்றுவதால் வருவது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத்தான் கூடுதலாக வரும். நிறத்தால் ஆபத்தில்லை. பையையும் ரியூப்பையும் மாற்றி, மலச்சிக்கலைக் கவனியுங்கள்.

பையை எப்படிப் பராமரிக்க?

எப்போதும் சலப்பைக்குக் கீழே, நிலத்தில் படாமல். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைப்பதுதான் வழமையான பிழை. அந்த அரை நிமிடத்தில் பழைய சலம் உள்ளே திரும்பும். அரைவாசியோ மூன்றில் இரண்டோ நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். கால்பை 500 அல்லது 750 மி.லீ., இரவுப்பை 2 லீற்றர். இரவில் கால்பையைக் கழற்றாமல் அதன் அடியிலேயே இரவுப்பையைக் கொளுவுங்கள். கால்பையைக் கிழமைக்கு ஒருதரம் மாற்றுங்கள். இரவுப்பையைத் திரும்பப் பாவிப்பவர்கள் சவர்க்காரத்தால் கழுவி, ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு உலர்த்தலாம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுவுக்கோ போகும் நாளில் கால்பை வாரைக் காலையில் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். நிறையும் பையின் பாரத்தில் வார் இறுகி, உணர்ச்சியற்ற தோலில் புண் விழும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கையால் தடவிப் பாருங்கள்.

கொண்டம் மாதிரி வெளியே போடுவது நல்லதில்லையோ?

உள்ளே எதுவும் போகாததால் நல்லதுபோலத் தெரியும். சலப்பை குறைந்த அமுக்கத்தில், முழுதாக வெறுமையாகிறது என்று பரிசோதித்து அறிந்தவருக்கு மட்டும் நல்லது. மற்றவருக்குத் துணி நனையாமல் காக்குமே தவிர, சிறுநீரகத்தைக் காக்காது. அளவு பார்த்து வாங்கி, நுனியில் 1 முதல் 2 செ.மீ. இடைவெளி விட்டு, ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். சாதாரண ரேப்பைச் சுற்றிக் கட்டினால் ஆண்குறி கறுத்து அழுகும் ஆபத்து உண்டு.

அடிவயிற்றை அமுக்கி எடுக்கலாமோ? ரியூப்பை மூடி மூடித் திறந்து சலப்பையைப் பழக்கலாமோ?

இரண்டும் வேண்டாம். அமுக்கும்போது வாசல் இறுகியிருந்தால் சலம் மேலே போகும். மூடித் திறப்பதால் அறுந்த நரம்பு பழகப்போவதில்லை. மேல்மட்டக் காயமென்றால் மூடிய நேரத்தில் பிரஷர் ஏறும்.

ஒக்ஸிபியூற்றினின் குளிசை தந்திருக்கிறார்கள். எதற்கு?

சலப்பையின் இழுப்பையும் அமுக்கத்தையும் குறைக்க. இரண்டு தரத்துக்கு நடுவே நனைகிறவருக்கும், ரியூப் இருந்தும் ஒழுகுகிறவருக்கும் உதவும். வாய் உலரும், மலம் இறுகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காயத்துக்குக் கீழே ஏற்கெனவே வியர்க்காது, இந்தக் குளிசை மிச்ச வியர்வையையும் குறைக்கும். வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு உடம்பு கொதிக்கும். ஈரத்துணியால் துடைத்து, மரநிழலுக்கு மாற்றுங்கள். குளிசையைத் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ரியூப்போடு குடும்ப வாழ்க்கை முடியுமா?

முடியும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. இடைவிட்டு எடுப்பவர் முன்னரே எடுத்துவிட்டால் போதும். அடிவயிற்று ரியூப்பை வயிற்றோடு ஒட்டிவிடலாம். சலவாசல் ரியூப் உள்ள பெண் அதை வயிற்றுப்பக்கம் திருப்பி ஒட்டலாம். ஆண் ரியூப்பை மடித்து ஆண்குறியோடு சேர்த்துக் கொண்டம் போடலாம். நெஞ்சுக்குழிக்கு மேல் காயமுள்ளவருக்கு அந்த நேரத்திலும் பிரஷர் ஏறலாம். தலையிடித்தால் நிறுத்தி நிமிர்ந்து இருங்கள்.

பெண்கள் தாங்களே எடுப்பது கஷ்டமாமே?

தொடக்கத்தில் கஷ்டம்தான், வாசல் கண்ணுக்குத் தெரியாது. கட்டிலில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடித்து அகட்டி, கண்ணாடி வைத்துப் பழகுங்கள். பிறகு விரலால் இடம் பிடிபடும். ரியூப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அதை அப்படியே விட்டு, புதிய ஒன்றை அதற்குச் சற்று மேலே விடுங்கள்; முதலாவது வழி காட்டும். மாதவிடாய் நாட்களிலும் நிறுத்தத் தேவையில்லை.

பலூன் தண்ணி இறங்குதில்லை. வெட்டிவிடலாமோ?

வெட்டாதீர்கள், மீதி உள்ளே போகலாம். சிரிஞ்சைப் பொருத்திவிட்டு இழுக்காமல் விடுங்கள், தண்ணீர் தானாக வர சில நிமிடம் பொறுங்கள். சிலிக்கன் பலூனை விசையாக இழுத்தால் சுருக்கம் விழுந்து வெளியே வரும்போது கிழிக்கும். வராவிட்டால் 1 மி.லீ. தண்ணீர் உள்ளே விட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் வராவிட்டால் வைத்தியசாலை.

வீட்டில் என்ன இருப்பு வைக்க?

மாரியில் பாதை மூடும் ஊர்களில் ஐப்பசிக்கு முன்னரே வாங்கி வையுங்கள்: அதே அளவில் இரண்டு ரியூப், இரண்டு பை, 10 மி.லீ. சிரிஞ்ச் இரண்டு, கிருமி நீக்கிய தண்ணீர், ஜெல், கையுறை. லேற்றெக்ஸ் வெக்கையில் உளுத்துப்போகும். தகரத்துக்குக் கீழே, யன்னல் வெயிலில், இறப்பர் வளையம் போட்டு மடித்து வைக்க வேண்டாம். காலாவதித் திகதியைப் பாருங்கள்.

நல்லாத்தான் இருக்கிறன். ஏன் கிளினிக்குக்குப் போக வேணும்?

சிறுநீரகம் பாதி பழுதாகும்வரை ஒன்றும் காட்டாது. வருடத்துக்கு ஒருதரம் சிறுநீரகம், சலப்பை ஸ்கானும் இரத்தத்தில் கிரியேற்றினினும் (தசையிலிருந்து வந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பாருங்கள். கால் தசை மெலிந்தவருக்குக் கிரியேற்றினின் குறைவாகவே காட்டும். "சாதாரண அளவுக்குள்" என்ற சொல்லோடு நிற்காமல், போன வருட இலக்கத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள வவுனியா மாவட்டத்தவர் இதைத் தவறவிடவே கூடாது. பத்து வருடத்துக்கு மேல் ரியூப் நிற்பவருக்குச் சலப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரை விடக் கூட. ரியூப் மாற்றிய நாளில் சலம் சற்றுச் சிவந்தால் பயமில்லை. காரணமின்றி இரத்தம் வந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல் அன்றைக்கே போங்கள். போகும்போது பழைய ஸ்கான் துண்டுகளையும், ரியூப் மாற்றிய திகதிகள் எழுதிய கொப்பியையும், கடைசி ரியூப்பின் வெறும் பொதியையும் கொண்டு போங்கள்.